ஒப்பந்தம் முடியப் போகிற வீரரை வாங்கலாமா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில், 2025 ஜனவரி 24 இரவு கொலராடோ அணி தன் நட்சத்திர விங்கர் மிக்கோ ரன்டனனைக் கரோலினாவுக்கு மாற்றிவிட்டது. அந்த சீசனோடு அவருடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. புதுச் சம்பளம் பற்றிய பேச்சு படியவில்லை. வெறுங்கையோடு அவரை இழப்பதைவிட இப்போதே விற்றுவிடலாம் என்று அணி முடிவு செய்தது. அதுவரை 49 ஆட்டங்களில் 64 புள்ளி எடுத்திருந்தவர் கரோலினாவில் ஆடிய 13 ஆட்டங்களில் எடுத்தது 6 புள்ளி. அங்கும் அவர் நீண்ட ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. மார்ச் 7, டிரேட் கெடு நாளில், மறுபடி மாற்றப்பட்டு டாலஸுக்குப் போனார். 8 ஆண்டுக்கு 9.6 கோடி டாலர் என்று கையெழுத்தானது. டாலஸில் 20 ஆட்டங்களில் 18 புள்ளி.

ஒரே மனிதர், ஒரே சீசன், மூன்று சட்டை, மூன்று விதமான ஆட்டம். ரன்டனனைத் தங்கள் பேன்டஸி அணியில் வைத்திருந்தவர்கள் அந்த ஆறு வாரத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதே ஆறு வாரத்தில், பதறியவர்களிடமிருந்து அவரைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் அடுத்த பல ஆண்டுகளுக்கான ஒரு முதல்தர விங்கரைப் பெற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடியப் போகிற வீரரை வாங்குவதா, விற்பதா, தொடாமல் விடுவதா என்பது பேன்டஸி ஹாக்கியில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. இதற்கு ஒற்றை வரியில் விடை சொல்பவர்கள் உண்டு. "ஒப்பந்த ஆண்டில் எல்லோரும் நன்றாக ஆடுவார்கள், வாங்கு" என்பது ஒரு கட்சி. "அணி மாறினால் சரிவார்கள், விற்றுவிடு" என்பது மறு கட்சி. கடந்த பத்து ஆண்டு அனுபவத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மைதான் என்று தெரிகிறது.

இந்த விளையாட்டு பழக்கமில்லாத வாசகருக்கு ஓரிரு விளக்கம் தேவை. ஐ.பி.எல். காலத்தில் கைபேசியில் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும் கற்பனைக் கிரிக்கெட் நம்மவர்களுக்குத் தெரியும். வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்கு ஆடப்படுவது அதைவிட நிதானமானது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு லீக் அமைத்து, என்.எச்.எல். வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்து, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நடத்துகிறார்கள். வீரர் அடிக்கும் கோலும், கோலுக்கு உதவும் அசிஸ்ட்டும் தலா ஒரு புள்ளி. பல லீக்குகளில் கோலை நோக்கிய ஷாட், மோதல், தடுப்பு, பவர் பிளே புள்ளி ஆகியவையும் கணக்கில் சேரும். எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே அமர்த்தப்பட, ஓர் ஆள் கூடுதலாக வைத்து ஆடும் நேரம்தான் ஹாக்கியின் பவர் பிளே. தேர்வு முடிந்த பிறகும் உறுப்பினர்கள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். அந்த டிரேட்தான் ஆட்டத்தின் உயிர்.

நிஜ லீக்கில் ஒப்பந்தம் முடிகிறவர்களில் இரு வகை. 27 வயது நிறைந்தவரோ, ஏழு சீசன் ஆடி முடித்தவரோ எந்த அணியோடும் பேசலாம். இவர் முழு ஃப்ரீ ஏஜென்ட். அதற்கு முன் ஒப்பந்தம் முடிகிற இளையவர் மீது பழைய அணிக்கு உரிமை மிச்சமிருக்கும். வேறொரு அணி அவருக்கு விலை சொன்னால், அதே விலையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். கொடுக்க மறுத்தால் பதிலுக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளைப் பெறலாம். முழு ஃப்ரீ ஏஜென்ட்களின் சந்தை ஜூலை 1 அன்று திறக்கும். பேன்டஸி ஆட்டக்காரர்களின் கவலையெல்லாம் பெரும்பாலும் இந்த முதல் வகையைப் பற்றியது. இரண்டாம் வகையில்தான் மலிவான புதையல் கிடக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது உங்கள் லீக் எந்த வகை என்பதை. ஒவ்வொரு ஆண்டும் எல்லோரையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் லீக்கில் ஒருவரின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறதா என்பது கிட்டத்தட்டப் பொருட்டே அல்ல. அங்கே கேள்வி மார்ச் மாதம் அவர் எந்தச் சட்டையில் இருப்பார் என்பது மட்டுமே. சில வீரர்களை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளும் தக்கவைப்பு லீக்குகளிலும், முழு அணியையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் டைனஸ்டி லீக்குகளிலும்தான் இந்தக் கேள்வி முழு உருவம் எடுக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களுக்கானது.

அணி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2021-22 சீசனின் கால்கரி அணியைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஜானி கோட்ரோ, மேத்யூ கச்சக், எலியாஸ் லிண்ட்ஹோம் மூவரும் ஒரே வரிசையில் ஆடினார்கள். மூவருமே 40 கோலைத் தொட்டார்கள். கோட்ரோ 115 புள்ளி, கச்சக் 104, லிண்ட்ஹோம் 82. அந்தக் கோடையில் கோட்ரோ முழு ஃப்ரீ ஏஜென்ட்டாகக் கொலம்பஸுக்குப் போனார். நீண்ட ஒப்பந்தம் வேண்டாம் என்று கச்சக் சொல்லிவிட, அவர் ஃபுளோரிடாவுக்கு மாற்றப்பட்டார். லிண்ட்ஹோம் கால்கரியிலேயே இருந்தார். அடுத்த ஆண்டு கச்சக் 109 புள்ளி எடுத்தார். கோட்ரோ 74. இடம் மாறாத லிண்ட்ஹோமோ 42 கோலிலிருந்து 22 கோலுக்கு இறங்கினார். பிறகு அவரும் ஒப்பந்த ஆண்டில் வான்கூவருக்கு மாற்றப்பட்டு, 2024 கோடையில் பாஸ்டனில் பெரிய ஒப்பந்தம் பெற்று, அங்கே முதல் சீசனில் 17 கோல் அடித்தார்.

கச்சக்குக்கு ஈடாக ஃபுளோரிடாவிலிருந்து வந்த ஜோனத்தன் ஹூபர்டோவின் கதை இன்னும் கடுமை. முந்தைய ஆண்டு 85 அசிஸ்ட்டோடு 115 புள்ளி எடுத்தவர். ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு பாக்கி இருக்கும்போதே கால்கரி அவருக்கு 8 ஆண்டு, 8.4 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. முதல் சீசனில் 55 புள்ளிதான் வந்தது.

இந்த நால்வரையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. அணி மாறியதா, மாறவில்லையா என்பது அல்ல விஷயம். புள்ளி எங்கிருந்து வந்தது என்பதே விஷயம். கச்சக் கோல் முகப்பில் நின்று, நிறைய ஷாட் அடித்து, மோதிப் பறித்து எடுத்த புள்ளிகள் அவரோடு பயணம் செய்தன. கோட்ரோவின் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் சைக்கிளில் போகையில் கார் மோதித் தம்பியோடு அவர் மறைந்தபோது ஹாக்கி உலகமே கலங்கியது. ஆனால் அந்த 115 என்பது மூன்று பேர் சேர்ந்து கட்டிய எண். கொலம்பஸில் மற்ற இருவரும் இல்லை. லிண்ட்ஹோமுக்கும் அதே நிலை. ஹூபர்டோவின் அசிஸ்ட்கள் ஃபுளோரிடாவின் வேகமான தாக்குதலில் விளைந்தவை. அந்த வேகம் கால்கரியில் கிடைக்கவில்லை.

ஆகவே ஒப்பந்தம் முடியப் போகிற ஒருவரை வாங்கும் முன், அவருடைய மொத்தப் புள்ளியைப் பார்க்கக் கூடாது. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் அடிக்கிறார், பக்கத்து நட்சத்திரம் காயத்தில் படுத்த நாட்களில் எப்படி ஆடினார், பவர் பிளேயில் அவர் இயக்குகிறவரா, அல்லது பிறர் இயக்க முடித்துவைக்கிறவரா என்று பார்க்க வேண்டும். இதில் எல்லாவற்றையும்விட நம்பகமான சான்று ஒன்று உண்டு. அவர் முன்பே ஒருமுறை அணி மாறியிருக்கிறாரா?

ஆர்டெமி பனாரின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிகாகோவில் பாட்ரிக் கேனோடு ஆடி 77, 74 என்று புள்ளி எடுத்தபோது, கேனின் நிழல் என்றார்கள். 2017இல் கொலம்பஸுக்கு மாற்றப்பட்டார். 82, பிறகு 87. ஆக, 2019 கோடையில் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆனபோது கேள்விக்கு விடை ஏற்கனவே கையில் இருந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 7 ஆண்டுக்கு 8.15 கோடி டாலர் கொடுத்தது. முதல் சீசனில் 69 ஆட்டத்தில் 95 புள்ளி. 2023-24இல் 120. 2019 வசந்த காலத்தில் "எங்கே போவாரோ" என்ற அச்சத்தில் அவரை விற்றவர்கள், தரவு சொன்னதைக் கேட்காமல் அச்சத்தைக் கேட்டார்கள்.

ஜேக் கென்ட்ஸெல் பிட்ஸ்பர்க் நட்சத்திரம் கிராஸ்பியின் கூட்டாளி என்றே அறியப்பட்டவர். 2024 மார்ச்சில் பிட்ஸ்பர்க் அவரைக் கரோலினாவுக்கு மாற்றியது. அங்கே 17 ஆட்டத்தில் 25 புள்ளி. அந்த 17 ஆட்டமே போதுமான சோதனை. கோடையில் டாம்பா பே அவருக்கு 7 ஆண்டு, 6.3 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த சீசனில் 41 கோல் அடித்தார். ஜான் டவாரஸ் வேறு மாதிரி. நியூயார்க் ஐலண்டர்ஸில் ஆண்டுக்கணக்காகப் பெரும்பாலும் தனியாளாகச் சுமந்தவர். 2018 ஜூலை 1 அன்று டொராண்டோவுக்கு வந்து, மிட்ச் மார்னரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 47 கோல் அடித்தார். அதுவே அவர் வாழ்நாளின் உச்சம். பலவீனமான சூழலில் நல்ல எண் எடுத்தவர் வலுவான சூழலுக்குப் போகும்போது எண் ஏறும். இது கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் டிரேட் பேச்சில் பெரும்பாலோர் இதற்கு விலை வைப்பதில்லை. "நிச்சயமின்மை" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிக் கழித்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு லாபம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது.

பெரிய பெயர்களைவிட எனக்கு ஆர்வமூட்டுபவர்கள் இரண்டாம், மூன்றாம் வரிசையில் இருந்து சந்தைக்கு வருகிறவர்கள். சாக் ஹைமன் டொராண்டோவில் உழைப்பாளி என்று பெயர் எடுத்தவர். அங்கே ஒரு சீசனில் அதிகபட்சம் 21 கோல். 2021 கோடையில் எட்மன்டன் அவருக்கு 7 ஆண்டு, ஆண்டுக்கு 55 லட்சம் டாலர் கொடுத்தபோது, அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அணியின் நட்சத்திரம் கனர் மெக்டேவிட்டின் பக்கத்திலும், பவர் பிளேயின் முதல் அணியில் கோல் முகப்பிலும் அவருக்கு இடம் கிடைத்தது. 27 கோல், 36 கோல், 2023-24இல் 54 கோல். கார்ட்டர் வர்ஹேகி அதைவிட மலிவு. 2020இல் டாம்பா பே அவரைத் தக்கவைக்கும் விலையைக் கொடுக்காமல் விட்டது. 52 ஆட்டத்தில் 13 புள்ளி எடுத்தவருக்கு யார் கொடுப்பார்கள்? ஃபுளோரிடா ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு எடுத்து, முதல் வரிசையில் நிறுத்தியது. 43 ஆட்டத்தில் 36 புள்ளி வந்தது. 2022-23இல் 42 கோல். டிலன் ஹாலவே எட்மன்டனில் 2023-24இல் 38 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்த இளைஞர். 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் விலை சொன்னது. எட்மன்டன் ஈடுகட்டாமல் விட்டது. புது அணியில் 77 ஆட்டத்தில் 63 புள்ளி.

இந்த மூவரையும் முந்தைய ஜூனில் எந்த பேன்டஸி லீக்கிலும் ஒரு பிற்சுற்று டிராஃப்ட் வாய்ப்புக்கு வாங்கியிருக்கலாம். ஆள் நிறைந்த வலுவான அணியில் நேரம் கிடைக்காமல் தேங்கியிருக்கும், 22 முதல் 29 வயதுக்குள்ளான ஒருவர் சந்தைக்கு வருகிறார் என்றால், அவருக்கு இருக்கும் அபாயம் ஏறத்தாழ மேல்நோக்கியதே. அவர் இப்போது இருக்கும் நிலையைவிடக் கீழே போக இடமில்லை. ஒப்பந்தம் முடியப் போகிறவர்களை வாங்குவது பற்றி ஒரே ஒரு பழக்கத்தை நான் பரிந்துரைக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: ஒவ்வொரு ஜூனிலும் இப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரைச் சில்லறை விலைக்குச் சேர்த்துவைப்பது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒப்பந்த ஆண்டில் திடீரென்று உச்சம் தொட்டவரை, அந்த உச்சத்தின் விலைக்கு வாங்குவதுதான் இந்த ஆட்டத்தின் மிகப் பழைய பொறி. நாசெம் காட்ரி 2021-22இல் கொலராடோவில் 71 ஆட்டத்தில் 87 புள்ளி எடுத்தார். அதற்கு முன் அவருடைய அதிகபட்சம் 61. வயது 31. கால்கரியில் முதல் ஆண்டு 56 புள்ளி. அதற்கடுத்த ஆண்டு 75க்கு ஏறினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் 87 என்ற விலைக்கு அவரை வாங்கியவர் நட்டப்பட்டார். சாம் ரைன்ஹார்ட் ஒப்பந்த ஆண்டில் 57 கோல் அடித்தபோது, அவர் அடித்த ஷாட்களில் 24.5 சதவீதம் கோலானது. எந்த முன்கள வீரருக்கும் நீடிக்காத விகிதம் அது. அதே ஃபுளோரிடாவில், அதே கூட்டாளிகளோடு, அடுத்த ஆண்டு 39 கோல். இங்கே அணி மாற்றம் என்ற காரணமே இல்லை. உச்சம் இயல்புக்குத் திரும்பியது, அவ்வளவே. ஒப்பந்த ஆண்டு உழைப்பைக் கூட்டுகிறதா என்று நெடுங்காலமாக விவாதம் நடக்கிறது. எனக்கு அந்த விவாதத்தில் பெரிய நாட்டமில்லை. கோல் விகிதத்தையும் பவர் பிளே பங்கையும் பார்த்தாலே எது நிற்கும், எது நிற்காது என்று பெரும்பகுதி தெரிந்துவிடுகிறது.

வயது பற்றி மென்மையாகப் பேச வழியில்லை. 2024 கோடையில் நாஷ்வில் அணி ஸ்டீவன் ஸ்டாம்கோஸையும் ஜோனத்தன் மார்ஷசோவையும் ஒரே நாளில் எடுத்தபோது பலர் அந்த அணியைக் கோப்பைக்கே உரியதாகப் பேசினார்கள். ஸ்டாம்கோஸுக்கு 34 வயது. முந்தைய ஆண்டு 40 கோல், 81 புள்ளி. அவற்றில் 39 புள்ளி டாம்பாவின் பவர் பிளேயில் வந்தவை. சக வீரர் குச்செரோவ் தரும் பாஸைத் தன் வழக்கமான இடத்தில் நின்று அடிக்கிற வசதி நாஷ்வில்லில் இல்லை. 27 கோல், 53 புள்ளியோடு சீசன் முடிந்தது. மார்ஷசோ 42 கோலிலிருந்து 21 கோலுக்கு, சரிபாதியாக, இறங்கினார். முப்பதைக் கடந்து, பவர் பிளேயை நம்பி, பழகிய கூட்டாளிகளை விட்டு வெளியேறும் வீரரை ஜூலை 1க்கு முன்பே விற்றுவிடுங்கள். புது அணியின் பெயர் அறிவிக்கப்படும் நாளில் கிளம்பும் பரபரப்பில் விலை கொஞ்சம் ஏறினால், அன்று விற்பதும் நல்லதே.

கோலிகள், அதாவது கோல் காப்பாளர்கள், விஷயத்தில் என் நிலை இன்னும் இறுக்கமானது. கோலியின் எண்கள் முன்னால் நிற்கும் ஐவரின் எண்களும் கூடத்தான். கொலராடோவில் .922 சேமிப்பு விகிதத்தோடு 30 வெற்றி பெற்ற ஃபிலிப் க்ரூபாவர், 2021இல் புதிதாகப் பிறந்த சியாட்டில் அணிக்குப் போனார். .889. டொராண்டோவிலிருந்து 2022இல் எட்மன்டனுக்குப் போன ஜாக் கேம்ப்பெல் .914இலிருந்து .888. அடுத்த சீசனின் நவம்பரில் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். சிறந்த கோலிக்கான வெசினா விருதை இரண்டு முறை வாங்கிய செர்கே பொப்ரோவ்ஸ்கியே ஃபுளோரிடாவில் முதல் ஆண்டு .900க்கு இறங்கினார். அவர் பின்னாளில் 2024, 2025 என்று இரண்டு ஸ்டான்லி கோப்பைகளை அங்கே வென்றது உண்மை. ஆனால் அதுவரை பொறுத்திருக்கிற பேன்டஸி அணி அரிது. மறுபக்கம் லீனஸ் உல்மார்க். தோற்றுக்கொண்டே இருந்த பஃபலோவிலிருந்து 2021இல் பாஸ்டனுக்கு வந்து, 2022-23இல் 40 வெற்றி, .938, வெசினா. பலவீனத்திலிருந்து வலுவுக்கு வந்தவர் மலர்ந்தார், வலுவிலிருந்து வெளியேறியவர்கள் வாடினார்கள். எங்கே போவார் என்று தெரியாதவரை கோலியை விலை கொடுத்து வாங்காதீர்கள். நல்ல அணியில் நல்ல எண்ணோடு சந்தைக்கு வருகிற கோலி உங்களிடம் இருந்தால் விற்றுவிடுங்கள்.

சீசன் நடுவே வாங்குவது தனிக் கலை. நிஜ லீக்கின் கெடு நாள் மார்ச் தொடக்கத்தில் வரும். பெரும்பாலான பேன்டஸி லீக்குகளின் இறுதிச் சுற்று அதற்குப் பிறகுதான் நடக்கும். ஆக, பிப்ரவரியில் நீங்கள் வாங்கும் ஆள் ஏப்ரலில் வேறு சட்டையில் இருக்கக்கூடும். 2019இல் மேட் டுஷேன் ஒட்டாவாவில் 50 ஆட்டத்தில் 58 புள்ளி எடுத்துவிட்டுக் கொலம்பஸுக்கு மாற்றப்பட்டார். அங்கே 23 ஆட்டத்தில் 12. அந்த ஆண்டு கொலம்பஸ் செய்தது துணிச்சலான வேலை. கோடையில் போய்விடுவார்கள் என்று தெரிந்தும் பனாரினையும் பொப்ரோவ்ஸ்கியையும் விற்காமல் வைத்துக்கொண்டு, டுஷேன் போல அந்த சீசனுக்கு மட்டுமான வாடகை வீரர்களையும் சேர்த்தது. 62 வெற்றியோடு வந்த டாம்பாவை முதல் சுற்றில் நான்குக்கு நான்கு வீழ்த்தியது. அந்த அணியின் வரலாற்றில் அதுவே முதல் பிளே ஆஃப் தொடர் வெற்றி. கோடையில் டுஷேன் உட்பட மூவரும் போய்விட்டார்கள். ஆனால் அந்த வெற்றி அந்த நகரத்துக்குக் கிடைத்தது. பட்டத்துக்குப் போட்டியிடுகிற பேன்டஸி மேலாளர் இதே கணக்கைப் போடத் தயங்கக் கூடாது.

இன்னொரு சிறு ஆபத்தையும் சொல்ல வேண்டும். விற்கப்படப் போகிற வீரரைக் காயம் படாமல் காக்க, அணிகள் ஆடவிடாமல் உட்கார வைப்பதுண்டு. 2023 பிப்ரவரியில் கொலம்பஸ் தன் தற்காப்பு வீரர் காவ்ரிகோவை இப்படி வாரக்கணக்கில் வெளியே வைத்தது. பிளே ஆஃப் வாய்ப்பு போய்விட்ட அணியில் இருப்பவரை வாங்குகிறீர்கள் என்றால், அந்த வெற்று வாரங்களையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நிஜச் சம்பளத்தை வைத்தே அணிக்கு உச்சவரம்பு போட்டு ஆடும் லீக்குகளில் கணக்கு வேறு. அங்கே ஒப்பந்தம் முடியப் போகிறவர் என்றால் இன்று மலிவு, நாளை பாரம். பனாரின் 60 லட்சத்திலிருந்து 1.16 கோடிக்கும், டவாரஸ் 55 லட்சத்திலிருந்து 1.1 கோடிக்கும் தாவினார்கள். 2025 செப்டம்பரில் கிரில் கப்ரிசோவ் மினசோட்டாவோடு எழுதிய 8 ஆண்டு, 13.6 கோடி டாலர் ஒப்பந்தம் ஆண்டுக்கு 90 லட்சம் என்பதை 1.7 கோடியாக்கியது. அடுத்த வாரமே மெக்டேவிட் எல்லோருடைய கணிப்பையும் உடைத்து, பழைய 1.25 கோடிக்கே இரண்டு ஆண்டு கையெழுத்திட்டார். அதைக் கண்டு மகிழ்ந்தவர்கள், சம்பளம் ஏறிவிடும் என்று அஞ்சி அவரை விற்காதவர்கள்.

இதில் மாறிவரும் ஒரு பெரிய அம்சம், நிஜ லீக்கில் ஓர் அணி கொடுக்கும் மொத்தச் சம்பளத்தின் உச்சவரம்பு. கொரோனா காலத்தில் 8.15 கோடியில் உறைந்து கிடந்தது 2024-25இல் 8.8 கோடி ஆனது, 2025-26இல் 9.55 கோடி. 2026-27க்கு 10.4, அதற்கடுத்து 11.35 கோடி என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். கையில் பணம் இருக்கும் அணி தன் ஆளை விடுவதில்லை. 2025 கோடையில் ஃபுளோரிடா ஒப்பந்தம் முடியவிருந்த பெனட், எக்பிளாட், மார்ஷண்ட் மூவரையுமே தக்கவைத்துக்கொண்டது. வான்கூவர் போசரை விடவில்லை. பெரிய விலகல் டொராண்டோவின் மார்னருடையது. 102 புள்ளி எடுத்த சீசனுக்குப் பிறகு, 8 ஆண்டு, 9.6 கோடி டாலருக்கு அவர் வேகஸ் போனார். அந்நகரின் ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை. இனி வரும் ஆண்டுகளில், "ஒப்பந்தம் முடிகிறது" என்ற ஒரே காரணத்துக்காக விலை குறைக்கப்பட்ட ஒருவர் அதே சட்டையில், அதே கூட்டாளிகளோடு, அதிகச் சம்பளத்தில் தொடர்வதே அடிக்கடி நடக்கும். சம்பளம் கணக்கில் வராத டைனஸ்டி லீக்குகளில் இது வாங்குகிறவருக்குச் சாதகமான செய்தி.

கடைசியாக, பேன்டஸி லீக்கே தன் வீரர்களுக்கு ஒப்பந்த ஆண்டு வைத்து நடத்தும் வகை. இதன் வேர் ஹாக்கியில் இல்லை. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் தொடங்கிய ரொட்டிசெரி பேஸ்பால் ஆட்டத்தில் உள்ளது. வீரரைச் சில ஆண்டு வைத்திருந்து, பிறகு ஆண்டுக்கு 5 டாலர் விலை கூட்டி நீட்டிக்கலாம், அல்லது விட்டுவிடலாம் என்ற விதி அங்கிருந்து வந்தது. இப்படிப்பட்ட லீக்கில் ஜனவரி வந்ததும் தோற்கிற அணிகள், கோடையில் எப்படியும் கைவிட வேண்டிய நட்சத்திரங்களை முன்னணி அணிகளுக்குக் கொட்டிவிட்டு இளைஞர்களை வாங்கும். இதைப் பார்த்து மற்றவர்கள் கொதிப்பார்கள். டிரேடை ரத்து செய்யச் சொல்லி வாக்கெடுப்பு கேட்பார்கள்.

இது நியாயமான வியாபாரம் என்பதே என் கருத்து. தோற்கிற அணிக்கு அடுத்த ஆண்டைப் பற்றி நினைக்க உரிமை உண்டு, வெல்கிற அணிக்கு இந்த ஆண்டைப் பணயம் வைக்க உரிமை உண்டு. இருவர் கூட்டுச்சதி செய்தார்கள் என்று தெரிந்தால் ஒழிய டிரேடை ரத்து செய்யக் கூடாது. ஆனால் எல்லை வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் ஒரே அணியிடம் நான்கு நட்சத்திரங்கள் குவிந்தால் மற்றவர்கள் அக்டோபர் முதல் உழைத்ததற்கு அர்த்தமில்லாமல் போகிறது. லீக்கின் கெடு நாளை நிஜ கெடு நாளுக்கு முன்பே, பிப்ரவரி நடுவில், வைப்பது நல்லது. முடியப் போகிற ஒப்பந்தத்தோடு வாங்கிய வீரரை அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை வாங்கியவருக்கா, விற்றவருக்கா என்பதை எழுதிவைப்பது அதைவிட முக்கியம். பெரும்பாலான சண்டைகள் இந்த ஒரு வரி எழுதப்படாததால் வருகின்றன.

உங்கள் லீக்கை நடத்துகிறவர் நீங்களாக இருந்தால், அந்த வரியை அக்டோபரில் முதல் ஆட்டம் தொடங்கும் முன் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நடுவில் ஒரு நட்சத்திரம் கை மாறிய பிறகு எழுதும் விதியை யாரும் ஏற்க மாட்டார்கள்.